ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி வெளிநாட்டுச் செய்திச் சேனல்கள் காட்டுவதை அப்படியே நம்பலாமா?

உங்களுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கும், வீட்டில் போகக் கூடாது என்று அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டிலும் அதுதான் நடந்தது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் கணக்காளராக இருந்தேன்.

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த பயணி ஒருவர் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். உயிரைப் பறிக்கும் தொற்றுநோயான எபோலா. மருத்துவமனையிலிருந்து அவரை வெளியே விடச் சொல்லி எவ்வளவோ நெருக்கினார்கள். டாக்டர் அமேயோ அடடேவோ என்ற பெண்மணி மறுத்துவிட்டார். நோய் அவரையும் தொற்றியது. ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். போலியோ ஒழிப்பில் பழகிய பணியாளர்கள் நோயாளிகளோடு பழகிய ஏறக்குறைய 900 பேரைத் தேடிப்பிடித்து, வீடு வீடாகப் போய்க் கண்காணித்தார்கள். எங்கள் தொழிற்சாலை வாசலில் தினமும் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்த பிறகே உள்ளே விட்டார்கள். ஒரு கோடிக்கு மேல் மக்கள் நெருங்கி வாழும் நகரம் அது. நாடு முழுவதும் 20 பேருக்குத் தொற்றியது, 8 பேர் இறந்தார்கள், அதோடு நின்றது. அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது.

மறுநாள் தீபாவளிக்கு ஊர் வந்து சேர்ந்தேன். அம்மாவைத் தவிர யாரும் அருகில் வரவில்லை. ஆண்டுதோறும் எதிர்வீட்டிலிருந்து வரும் பலகாரத் தட்டு வரவில்லை. சித்தப்பா திண்ணையோடு நின்றுகொண்டு, "பிணங்களைத் தூக்கிக்கொண்டு போவதை டிவியில் காட்டினார்களே தம்பி" என்றார். அது லைபீரியாவில் எடுத்த படம். லாகோஸிலிருந்து அந்த நாட்டுத் தலைநகருக்கு, சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். படத்தில் ஊர் பெயர் இருந்திருக்கும். அவர் மனதில் பதிந்தது 'ஆப்பிரிக்கா' மட்டுமே.

அதே வாரம் டெக்சாஸிலிருந்து பெரியப்பா மகனும் வந்திருந்தான். அந்த மாநிலத்தின் டல்லஸில்தான், லைபீரியாவிலிருந்து வந்த நோயாளியை மருத்துவமனை ஒன்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. பிறகு இரண்டு செவிலியர்களுக்குத் தொற்றியது. அவனை எல்லோரும் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

சேனல்கள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்லவில்லை. 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக் என்ற ஊரில் 276 மாணவிகள் கடத்தப்பட்டது உண்மை. லாகோஸில் மின்சாரம் போகும், இரவில் தனியாக நடக்க நானும் அஞ்சினேன். 'அங்கே சம்பாதித்ததால் பரிந்து பேசுகிறான்' என்று எழுத வருபவர்கள் இதையும் படிக்கட்டும். ஆனால் நோய் வந்ததைக் காட்டிய அளவில் பத்தில் ஒரு பங்காவது அதை அடக்கியதைக் காட்டியிருந்தால் சித்தப்பா வீட்டுக்குள் வந்திருப்பார். நம் செய்தித்தாள்களையும் சொல்ல வேண்டும். லாகோஸில் அவர்களுக்கு நிருபர் கிடையாது; ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. என்ற வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்புவதை மொழிபெயர்த்துப் போடுகிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளியில் என் வீட்டில் ஒரு வாய் காபி குடிக்க மறுத்த உறவினர், அடுத்த மாதமே லாகோஸுக்கு ஃபோன் செய்து, வீட்டுக்குத் தளம் போட இரண்டு லட்சம் கேட்டார். அனுப்பினேன். இன்றுவரை அசல்கூடத் திரும்பவில்லை.

நைஜீரியாதான் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.