வாசகர் கேள்விகள்: ஓவியர்கள் கூடி வாழ்ந்த வட்டக் கட்டடம்

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகப் போகிறேன். 'லா ருஷ்' என்று ஓவியர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்து வரைந்த கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறதாம், ஐஃபெல் கோபுரத்தைக் கட்டியவர்தான் அதையும் கட்டினாராம். உண்மையா? போய்ப் பார்க்கலாமா?

பதில்: பாதி உண்மை. அதன் இரும்புச் சட்டகம் குஸ்தாவ் ஐஃபெலுடையது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அது ஓவியர்களுக்காகப் போட்டது இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் வைன் காட்சிக்கு வைத்த மண்டபம் அது. கண்காட்சி முடிந்ததும் மண்டபங்களைக் கழற்றி விற்றார்கள். அல்ஃப்ரெட் பூஷே என்ற சிற்பி, அரசாங்கச் சிலை வேலைகளில் நல்ல காசு பார்த்தவர், இந்த வைன் மண்டபத்தை வாங்கி நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் தனக்கு இருந்த காணியில் மறுபடி நிறுத்தினார். 1902 இல் திறந்தார்கள்.

வட்டமான கட்டடம், நடுவில் படிக்கட்டு, அதைச் சுற்றி மூன்று தட்டிலும் அறைகள். வட்டத்தைத் துண்டு போட்டால் எப்படி வரும்? வாசல் பக்கம் ஒடுங்கி, ஜன்னல் பக்கம் அகன்று. இருந்தவர்கள் அந்த அறைகளைச் சவப்பெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்திலேயே வோஜிரார் மாட்டு மடுவம், மாடுகளின் சத்தமும் நாற்றமும் நேரே ஜன்னலுக்குள் வரும். (மடுவம் இப்போது இல்லை, அந்த இடம் பூங்காவாகிவிட்டது.)

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஏன் வந்தார்கள் என்றால், வாடகைதான் காரணம். மிகக் குறைவு, அதையும் கட்ட முடியாதவர்களை பூஷே துரத்தவில்லை. வந்தவர்களில் பலர் ரஷ்யப் பேரரசின் மூலைகளிலிருந்து வந்த யூத இளைஞர்கள், கையில் காசில்லை, பிரெஞ்சும் சரியாக வராது. மார்க் ஷகால் 1911 முதல் 1914 வரை அங்கே இருந்தார். ஒரு ஹெரிங் மீனை வாங்கினால் இன்றைக்குத் தலைப்பக்கம், நாளைக்கு வால்பக்கம் என்று சாப்பிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். சூட்டின், ஸட்கின், அர்ச்சிபென்கோ, பிரெஞ்சுக்காரரான லெஜே, இவர்கள் எல்லாரும் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள்தான். 1914 இல் ஷகால் கண்காட்சிக்கென்று பேர்லின் போய், அங்கிருந்து தன் ஊருக்குப் போன இடத்தில் போர் வந்து மாட்டிக்கொண்டார். 1923 இல் பாரிஸ் திரும்பியபோது அறையில் விட்டுவந்த படங்கள் போய்விட்டிருந்தன.

1934 இல் பூஷே இறந்தார். அப்புறம் பழுது பார்க்க ஆள் இல்லாமல் கட்டடம் இற்றுப்போய், 1960களின் கடைசியில் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் பார்த்தார்கள். ஓவியர்கள் எதிர்த்தார்கள், கிழவராகியிருந்த ஷகாலும் கூடவே நின்றார். முடிவில் காப்பாற்றியது இரண்டு விஷயம். செய்டூ என்ற பணக்காரக் குடும்பம் காசு போட்டு வாங்கியது, 1972 இல் அரசு முகப்பையும் கூரையையும் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. என்னைக் கேட்டால் முதலாவதுதான் பெரிய விஷயம். பட்டியலில் போட்டால் சுவரை இடிக்க முடியாது, சரி, ஆனால் உள்ளே ஹோட்டல் நடத்தினாலும் முகப்பு அப்படியேதானே இருக்கும்! உள்ளே இன்றைக்கும் கலைஞர்கள் இருந்து வேலை செய்கிறார்கள் என்றால், அது சொந்தக்காரர் யார், அவர் எதற்காக வைத்திருக்கிறார் என்பதால்தான். 1985 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது.

பார்க்கப் போவதென்றால், தம்பி வீட்டுக்குக் கிட்ட மார்க்ஸ் டோர்முவா நிலையத்தில் 12ஆம் இலக்க மெட்ரோவில் ஏறி கொன்வென்ஸியோனில் இறங்குங்கள், மாறத் தேவையில்லை. ஆட்கள் இருந்து வேலை செய்யும் இடம் என்பதால் வழக்கமாக உள்ளே விடமாட்டார்கள். கேற்றுக்கு வெளியே நின்று பார்க்கிற அளவுக்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): பிக்காசோவும் அங்கேதான் இருந்தாரா?

பதில்: இல்லை, அவர் இருந்தது மோன்மார்த்ரில் உள்ள 'பத்தோ லவ்வார்', கிறீச்சிடும் மரக் கட்டடம். 'அவிஞ்ஞோன் பெண்கள்' படத்தை 1907 இல் அங்கேதான் வரைந்தார். அதையும் 1969 இல் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் தீப்பிடித்து முகப்பைத் தவிர எல்லாம் போய்விட்டது! இப்போது இருப்பது 1978 இல் கொங்கிறீட்டில் திரும்பக் கட்டியது. மேலே கேட்ட வாசகி வழியில் அபெஸ் நிலையத்தில் இறங்கினால் இதையும் பார்த்துவிடலாம், அதே மெட்ரோதான்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): கொழும்பில் இப்படி ஒன்று ஏன் உருவாகவில்லை?

பதில்: கூடுவதற்கு இடம் இருந்தது, குடியிருக்கத்தான் இல்லை. 1943 ஓகஸ்டில் கில்போர்ட் கிரசென்ட்டில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடித்தான் '43 குழு என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ் எல்லாரும் அதில் உண்டு. அடுத்த வருஷமே வென்ட் இறந்துபோனார். இன்றைக்கு நாம் நாடகம் பார்க்கப் போகிற லயனல் வென்ட் அரங்கு அந்த இடத்தில்தான் 1953 இல் திறந்தது. ஆனால் அந்தக் குழுவில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், வரைவதற்கு வீட்டிலேயே இடம் இருந்தது. மலிவான பொது அறைக்கு அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அலைந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். 1966 இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் காணி வாங்கிச் சோழமண்டலம் என்ற ஊரையே உண்டாக்கினார்கள். காணி அவர்களுடையது என்பதால் வாடகைப் பேச்சும் இல்லை, பூஷே போல ஒரு புண்ணியவானையும் தேட வேண்டியதில்லை. கடற்கரையோரம் அன்றைக்குக் காணி மலிவு. இன்றைய கொழும்பு விலையில் பத்திக் விற்றுக் காணி வாங்குவதென்றால், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஹரி பீரிஸ் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் வீடு மட்டும் சபுமல் அறக்கட்டளையாக நிற்கிறது. '43 குழுவின் படங்கள் அங்கே இருக்கின்றன. போக நினைப்பவர்கள் திறந்திருக்கும் நாளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.