"உங்கட பெயரிலேயே பிறப்புப் பதிந்து தாறம்" என்று ஒருவர் வந்தால்

மட்டக்களப்புத் தாண்டவன்வெளியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடம், தனக்கு 37, கணவருக்கு 42, வைத்தியம் எல்லாம் பார்த்துக் களைத்தாயிற்று. இரண்டு பேரும் கோயிலே கதியென்று இருக்கிற கத்தோலிக்கர்கள், தவக்காலத்திலிருந்து இதற்காகவே செபித்து வருகிறார்களாம். போன மாதம் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, கல்யாணமாகாத ஒரு பிள்ளைக்குப் பிரசவம் கிட்டுகிறது, வைத்தியசாலையில் உங்கள் பெயரிலேயே அவளைச் சேர்த்து உங்கள் பெயரிலேயே பிறப்பையும் பதிந்துவிடலாம், தாய்க்கு ஒரு 'உதவித்தொகை' கொடுத்தால் போதும் என்றிருக்கிறார். இது செபத்துக்குக் கிடைத்த பதிலா, எடுக்கலாமா, ஞானஸ்நானம் எப்போது கொடுப்பது, அம்மா தந்த வீடு அந்தப் பிள்ளைக்குச் சேருமா, பிள்ளையிடம் பிறகு சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, செபத்துக்குப் பதிலா என்பதைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நான் சட்டத்தரணி. என்னிடம் கேட்டால் அந்த ஆள் சொன்னது தண்டனைச் சட்டக்கோவைக்குள் வருகிற காரியம், எடுக்கவே கூடாது. 1995இல் அந்தச் சட்டத்தில் சேர்த்த ஆட்கடத்தல் பிரிவை வாசித்தால், உங்கள் வீட்டு விறாந்தையில் அவர் கதைத்ததை ஒட்டுக்கேட்டு எழுதியதுபோல இருக்கும். காசு கொடுத்துக் கர்ப்பிணியிடம் பிறக்காத பிள்ளைக்குச் சம்மதச் சத்தியக்கடதாசி வாங்குவது, வைத்தியசாலையிலிருந்தோ சிறுவர் இல்லத்திலிருந்தோ காசுக்குப் பிள்ளை எடுத்துக் கொடுப்பது, தாய் என்று ஆள்மாறாட்டம் செய்வது, பிறப்புப் பதிவோடு சம்பந்தப்பட்டவர் அதில் பொய் எழுதத் தெரிந்தே விடுவது எல்லாம் அதில் தனித்தனியாக எழுதப்பட்டன. 2006இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள், ஆனாலும் காசுக்குப் பிள்ளை வாங்குவதும் விற்பதும் இன்றைக்கும் குற்றம்தான். தண்டனை 20 வருடச் சிறை வரை போகலாம். 'உதவித்தொகை' என்று பெயர் வைத்தால் காசு காசில்லாமல் போகாது.

அந்தப் பிரிவு சும்மா வரவில்லை. 1980களில் இங்கிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அவர்களில் பலர் வளர்ந்து, தாயைத் தேடி இலங்கைக்கு வந்து, தாளில் இருந்த பெயரையும் ஊரையும் வைத்து அந்தப் பெண்ணைக் கண்டும் பிடித்து, கடைசியில் அவள் நீதிமன்றத்தில் தாயாக நிற்பதற்குக் கூலி வாங்கியவள் என்று அறிந்தார்கள். உங்கள் பிள்ளை நாளைக்குத் தேடினால் அந்தப் பொய்த் தாளில் உங்கள் பெயர்தான் இருக்கும், உண்மையான தாய்க்குப் போகிற வழி எங்கேயும் இருக்காது.

இன்னொன்று, பெற்றவள் இரண்டு வருடம் கழித்து மனம் மாறி வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? சுனாமி நேரம் கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையின் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அது யாருடைய பிள்ளை என்பதை 2005 பெப்ரவரியில் டி.என்.ஏ. பரிசோதனைதான் தீர்த்து வைத்தது. அதே பரிசோதனை உங்களுக்கு வந்தால் உங்கள் கையிலிருக்கும் பிறப்புச் சான்றிதழ் உங்களுக்கே எதிரான சாட்சியாகிவிடும். நீதிமன்றக் கட்டளை இருந்தால் அந்தப் பயம் இல்லை.

சரி, நேர்வழி எப்படி? ஊரில் பிள்ளை எடுத்து வளர்க்கிறது என்போம், சட்டத்தில் மகவேற்பு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. விண்ணப்பிப்பவருக்கு 25 வயதாவது இருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், பிள்ளை 14 வயதுக்குக் கீழே. உங்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாண சபைக்குக் கீழே வருவதால் கிழக்கு மாகாணத் திணைக்களத்துக்குத்தான் விண்ணப்பம். மாகாணத் தலைநகர் திருகோணமலைக்கு ஓடத் தேவையில்லை, மட்டக்களப்பில் உள்ள நன்னடத்தை அலுவலகத்தில் தொடங்குங்கள். விவாகச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வருமானத்துக்கு ஏதாவது அத்தாட்சி, வைத்திய அறிக்கை, கிராம சேவையாளரின் கடிதம், இவற்றை முதலே சேர்த்து வையுங்கள். பங்குத்தந்தையின் கடிதத்தையும் வைக்கலாம். ஆனால் உங்களைத் தெரிந்த ஃபாதரிடம் வாங்குங்கள், மாற்றலாகி வந்து மூன்று மாதமான ஃபாதர் பாவம் என்ன எழுதுவார்?

அப்புறம் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். என்னிடம் வந்த ஒரு தம்பதி, அந்த நாளுக்கென்று பக்கத்து வீட்டிலிருந்து மெத்தைக் கதிரை இரண்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். உத்தியோகத்தர் அதில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பொடியன் ஓடி வந்து, "இது எங்கட கதிரை, அப்பா பின்னேரம் கொண்டு வரச் சொன்னவர்" என்றானாம். அவர் சிரித்துவிட்டுக் குறிப்பில் எழுதியது வேறு விஷயம்: அந்தப் பொடியன் கேட்காமலே உள்ளே போய்க் குசினியில் பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டானாம். பிள்ளைகள் பயமில்லாமல் ஓடித் திரிகிற வீடா, கணவன் மனைவி இரண்டு பேருக்கும் உண்மையிலேயே விருப்பமா அல்லது ஒருவர் மற்றவரை இழுத்துக்கொண்டு வந்தாரா, வீட்டிலுள்ள மூத்தவர்கள் என்ன சொல்கிறார்கள், கடன் கழுத்தை நெரிக்கிறதா, இப்படித்தான் பார்ப்பார்கள். சமயம் பற்றியும் கேட்பார்கள், கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளையின் தாய் எந்தச் சமயம் என்று தெரிந்திருந்தால் அதையும் கதைப்பார்கள். சமயப்பற்று இருப்பது தடையில்லை, அதேநேரம் அது மேலதிகப் புள்ளியும் இல்லை.

கடைசியில் மாவட்ட நீதிமன்றம். தாயின் சம்மதம் இருக்கிறதா, தாய் கைவிட்டுப் போய் எங்கேயென்றே தெரியாவிட்டால் அதற்கு ஆதாரம் இருக்கிறதா, இந்த மகவேற்பு பிள்ளையின் நன்மைக்கா, யாராவது இதற்குக் காசு கொடுத்தார்களா வாங்கினார்களா என்று நீதிபதி திருப்திப்பட வேண்டும். இல்லத்திலிருக்கும் பிள்ளை என்றால் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றம் ஒன்றின் கட்டளையில்தான் அங்கே இருக்கும், அந்தத் தாள்களும் ஒழுங்காக வர வேண்டும். கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகம் மகவேற்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேட்டில் பதிவார், பாடசாலை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழ் போதும். காத்திருக்க வேண்டிவரும், அதை நான் மறைக்கமாட்டேன். கைக்குழந்தை கேட்டு நிற்பவர்கள் அதிகம், சட்டப்படி கொடுக்கக்கூடிய கைக்குழந்தைகள் குறைவு. இரண்டு மூன்று வயதுப் பிள்ளையென்றாலும் சரி என்று சொல்ல உங்களுக்கு மனமிருந்தால் வரிசை கொஞ்சம் சுருங்கும்.

ஞானஸ்நானம். பிள்ளை வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறே கொடுக்க வேண்டும் என்று உங்கள் அவசரம், எனக்குப் புரிகிறது. நீதிமன்றக் கட்டளை வரும் வரைக்கும் நீங்கள் அந்தப் பிள்ளையின் பெற்றோர் இல்லை. திருச்சபைச் சட்டமும் பெற்றோர் அல்லது சட்டப்படி அந்த இடத்தில் இருப்பவரின் சம்மதத்தைத்தான் கேட்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு. கட்டளை வந்த பிறகு ஒரு தடையும் இல்லை. நாட்டுச் சட்டப்படி மகவேற்கப்பட்ட பிள்ளையை உங்கள் பிள்ளையாகவே திருச்சபை கொள்ளும் என்று 110ஆம் விதி சொல்கிறது, ஞானஸ்நானப் பதிவேட்டில் வளர்ப்புப் பெற்றோரின் பெயர் வர வேண்டும் என்று 877ஆம் விதி சொல்கிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே யாராவது ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் இரண்டாம் முறை கொடுப்பதில்லை, இல்லத்துச் சிஸ்டர்மாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு. மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது சும்மா விஷயமில்லை என்று எனக்கும் தெரியும், நானும் அம்மா தந்த வீட்டில் இருக்கிறவள்தான். உறுதி உங்கள் பெயரில் இருந்தால் பயமே வேண்டாம், மகவேற்ற பிள்ளை உங்கள் சொத்துக்கு நீங்கள் பெற்ற பிள்ளைபோலவே உரித்தாளி. ஆனால் உங்கள் அம்மாவின் பெயரில் வயல் ஏதும் இன்னும் இருந்தால் அது வேறு கதை. உங்கள் இடத்தில் நின்று அவரின் உரித்தாளியாகப் பிள்ளை தானாக வராது, சட்டம் மகவேற்றவரின் சொத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அம்மாவுக்கு விருப்பமென்றால் நன்கொடை உறுதியோ மரண சாசனமோ எழுதட்டும், அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே. 'என்ன குடி' என்று தாய்வழிக் குலம் கேட்கிற பெரியம்மாமாருக்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. சடங்கு நேரம் இந்தக் கரையெல்லாம் பாடுகிற கதையில், பேழையில் மிதந்து வந்து செட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் கண்ணகி அம்மன், அவர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையிடம் சொல்லுங்கள். பேச்சு விளங்கத் தொடங்கும்போதே கதையாகச் சொல்லத் தொடங்குங்கள், பெரியவளாகட்டும் என்று வைத்திருந்தால் பாடசாலையில் யாராவது ஒரு பிள்ளை முந்திக்கொள்ளும்.

அந்த ஆள் மறுபடி வந்தால், அந்தக் கர்ப்பிணிப் பிள்ளை உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். அவளை நன்னடத்தை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள், அல்லது 1929க்கு எடுத்துச் சொல்லுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். அந்த ஆள் காசு பற்றி அனுப்பிய செய்திகள் உங்கள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள்.