செங்கோட்டை – அச்சன்கோவில் – புனலூர்: ஒரு நாள் சைக்கிள் சுற்று, கேள்வி பதில்

முதலில் பாதை. செங்கோட்டையில் கிளம்பி, பண்பொழி, மேக்கரை வழியாக மலையேறி அச்சன்கோவில். அங்கிருந்து காட்டுச் சாலையில், புனலூருக்கு முன்னால் வரும் அலிமுக்கு. பிறகு புனலூர், தென்மலை, ஆரியங்காவு, புளியரை வழியாகத் திரும்பவும் செங்கோட்டை. ஏறக்குறைய 125 கிலோமீட்டர். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அண்ணே, ஏன் மேக்கரை பக்கமாக ஏறச் சொல்கிறீர்கள்? நெடுஞ்சாலை வழியாகப் போய்விட்டுக் காட்டுப் பாதையில் திரும்பினால் ஏற்றம் குறைவாக இருக்குமே?

ஏற்றம் லேசாக இருக்கலாம். ஆனால் காட்டுக்குள் எப்போது இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. புனலூர் வழியாகப் போனால் அலிமுக்கில் திரும்பும்போதே உச்சி வெயில். அதற்கு மேல் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான காட்டுச் சாலை, அப்புறம் அச்சன்கோவிலிலிருந்து மேக்கரை இறக்கம். மாலை மங்கும் நேரத்தில் யானை நடமாடும் சாலையில், களைத்த காலோடு மாட்டிக்கொள்வீர்கள்.

என் வழியில் கடினமான ஏற்றம் காலையிலேயே முடிந்துவிடும். காட்டைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடலாம். மாலைக்கு மிஞ்சுவது கடைகளும் ஆட்களும் உள்ள தேசிய நெடுஞ்சாலை. இன்னொரு லாபமும் உண்டு. ஆரியங்காவு கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் தாழ்வான ஓர் இடைவெளி. மேற்குக் காற்று இருக்கும் நாட்களில் அது அந்த வழியாகத்தான் பாயும். திரும்பும்போது காற்று உங்கள் முதுகைத் தள்ளும்.

எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும்?

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒரே ஒரு நேரம்தான்: காலை பத்து மணிக்குள் அச்சன்கோவில். விடிகிற நேரத்தில் கிளம்பினால், முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், நிதானமாக ஏறினாலும் முடியும். பஞ்சர், வயிற்றுக் கோளாறு, படம் எடுத்தது என எந்தக் காரணத்தாலும் பதினொன்று ஆகிவிட்டால் சுற்றை மறந்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். அதுவே அறுபது கிலோமீட்டர் மலைப் பயணம், ஒன்றும் குறைவில்லை. இந்தச் சுற்றில் சிக்கலில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் கால் பலமில்லாதவர்கள் அல்ல, அச்சன்கோவிலில் "பரவாயில்லை, போய்விடலாம்" என்று முடிவெடுத்தவர்கள்தான்.

வழியில் கும்பாவுருட்டி அருவி ஆசை காட்டும். குளிக்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள். ஆரியங்காவிலிருந்து பிரியும் பாலருவிக்கும் இதே பதில்தான்.

யானை வந்தால் என்ன செய்வது?

எல்லோரும் கேட்கும் கேள்வி, கேட்கத்தான் வேண்டும். சைக்கிளில் போகிறவருக்கு உள்ள ஆபத்தே சைக்கிள் சத்தமில்லாமல் போவதுதான். பேருந்தின் உறுமல் யானைக்கு முன்கூட்டியே கேட்டுவிடும். நீங்கள் வளைவில் திரும்பி அதன் முன்னால் திடீரென்று முளைத்து நிற்பீர்கள், அதுவும் மிரளும், நீங்களும் மிரளுவீர்கள். அதனால் மூங்கிலும் ஈத்தையும் (மெல்லிய நாணல் மூங்கில்) அடர்ந்த வளைவுகளுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, உரக்கப் பேசிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் பாடுங்கள், காட்டில் யாரும் குறை சொல்லப் போவதில்லை. காதில் பாட்டுக் கருவி மட்டும் கூடவே கூடாது.

சாலையில் ஈரம் காயாத சாணம், புதிதாக முறிந்த கிளை, உள்ளே மூங்கில் ஒடியும் சத்தம் இவை தெரிந்தால் நின்றுவிடுங்கள். யானையே கண்ணில் பட்டால் நூறு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டு காத்திருங்கள். மணி அடிக்காதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். ஜீப்போ பேருந்தோ வந்தால் ஓட்டுநரிடம் சொல்லி அதன் பின்னாலேயே கடந்துவிடுங்கள். குட்டியோடு இருந்தால் எத்தனை நேரமானாலும் சரி, அது போகும்வரை நீங்கள் போகாதீர்கள். பையில் பலாப்பழம், மாம்பழம் என்று வாசனை தூக்கும் எதுவும் வேண்டாம்.

காட்டுச் சாலையில் கைபேசிக்குச் சிக்னல் இருக்காது என்று நினைத்தே கிளம்புங்கள். வீட்டுக்குச் செய்தி அனுப்புவதை அச்சன்கோவிலுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, "முன்னால் ஏதாவது நிற்கிறதா?" என்று கேட்காமல் தாண்டக் கூடாது. அவர்கள் போகாதே என்றால் வாதாடவும் கூடாது.

கியர் இல்லாத பழைய சைக்கிள்தான் என்னிடம் இருக்கிறது. முடியுமா சார்?

இந்தச் சுற்று முடியாது. மேக்கரைக்கு மேல் தள்ளிக்கொண்டே போக நேரிடும், பத்து மணிக் கணக்கு உடைந்துவிடும். அதற்குப் பதிலாகப் புளியரை வழியாக ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வரை போய்த் திரும்புங்கள். புளியரைக்கு மேலே 'எஸ்' எழுத்துப்போல் வளையும் எஸ் வளைவில் மட்டும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும். நூறாண்டு தாண்டிய அந்த ரயில் பாலம் நெடுஞ்சாலையை ஒட்டியே கல் வளைவுகளோடு நிற்கிறது. கொல்லம் – செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதைக்காகக் கட்டியது, 2018 முதல் அதன் மேல் அகலப்பாதை ரயில் ஓடுகிறது.

கியர் உள்ளவர்களுக்கு: பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 32 பல் இருந்தால் மூட்டு பிழைக்கும். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பிரேக் கட்டைகளை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

செங்கோட்டையை எல்லை ஊர் என்று சொல்கிறார்களே. ஆனால் கேரள எல்லை புளியரைக்கு அப்பால்தானே?

இப்போது அப்படி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. ஊருக்குள் நுழையும் பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். அன்றைய எல்லை, ஊருக்குக் கிழக்கே பிரானூரில். எல்லை மலைக்கு மேலே போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த இடம் "பிரானூர் பார்டர்"தான், அங்கே கிடைப்பது பார்டர் பரோட்டாதான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் இந்த ஊர்க்காரர். அதாவது திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பையன், எல்லை தாண்டிப் போய் வெள்ளைக்கார அரசின் கலெக்டரைச் சுட்டிருக்கிறார்.

நம் சுற்றுக்கும் ஒரு முன்னோடி உண்டு. மார்கழித் திருவிழாவுக்கு அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூர் கருவூலத்திலிருந்து ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி, பண்பொழி என்று மலையைச் சுற்றிக்கொண்டுதான் கோவிலுக்குப் போகிறது. அலிமுக்குக் காட்டுப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்.

புனலூரில் பத்து நிமிடம் தொங்குபாலத்துக்கு ஒதுக்குங்கள். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டி 1877இல் முடித்தது, கல்லடையாற்றின் மேல். நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சுற்றுவழி இல்லை.

எந்த மாதம் நல்லது?

பொங்கல் முடிந்து மாசி வரை. சபரிமலை சீசனில் நெடுஞ்சாலை முழுக்க வேன்களும் பேருந்துகளும். குற்றால சீசனில் செங்கோட்டைப் பக்கம் சாரல் சுகமாக இருக்கும், ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டு மழை, ஈரச் சாலையில் பாசி, காலில் அட்டை. ஐப்பசியில் பிற்பகல் இடி. பங்குனி, சித்திரையில் காடு காய்ந்து, விலங்குகள் தண்ணீர் தேடி அலையும்.

ஆரியங்காவு இறக்கத்தில் லாரிகள் அதிகமா?

அதிகம். இந்தச் சுற்றில் யானையைவிட நான் அஞ்சுவது இவற்றைத்தான். ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு ஏறும். நீங்கள் இறங்கும் பக்கத்தில், காலி டிப்பர்கள் வீடு திரும்பும் வேகத்தில் உங்கள் பின்னால் வரும். எதிரே பாரத்தோடு ஊர்ந்து ஏறும் வண்டியை முந்த இன்னொன்று உங்கள் பாதைக்குள் வந்துவிடும். எஸ் வளைவுகளில் ஓரத்து மண்ணில் ஒட்டி ஓட்டாமல் உங்கள் தடத்தின் நடுவில் இறங்குங்கள், பின்னால் வருபவனுக்கு நீங்கள் தெரிய வேண்டும். அவன் பொறுமை இழந்து ஒலி எழுப்பினால் அகலமான இடத்தில் நின்று வழிவிடுங்கள். கண்ணாடி ஒன்று, பின்விளக்கு ஒன்று கட்டாயம். இருட்டிவிட்டால் தென்மலையிலோ ஆரியங்காவிலோ லோடு ஆட்டோ, குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) ஏதாவது பேசி ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

அச்சன்கோவிலில் வயிறு நிறையச் சாப்பிட்டு, மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்புங்கள். ரப்பர் தோட்டங்கள் தொடங்கும்வரை கடையை எதிர்பார்க்க வேண்டாம். புனலூரில் எல்லாம் கிடைக்கும்.

அச்சன்கோவிலில் பாம்புக்கடிக்குச் சந்தனம் தருவார்களாமே?

தருவார்கள், நம்பிக்கை பழையது. கும்பிட்டுக்கொள்ளுங்கள். கடித்தால் போக வேண்டியது மருத்துவமனைக்கு, கிடைத்த முதல் வண்டியில்.

நானும் தோழியும் மட்டும் போகலாமா அண்ணா? சென்னையிலிருந்து வருகிறோம்.

போகலாம் அம்மா. ஆணோ பெண்ணோ, காட்டுச் சாலைக்கு இரண்டு பேரைவிட நான்கு பேர் நல்லது என்பதே என் எண்ணம், ஆனால் இருவர் போகவே கூடாது என்பதில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில்தான் செங்கோட்டை வந்து சேரும், அன்றைக்கே கிளம்பினால் பத்து மணிக் கணக்கு நடக்காது. அன்று தென்காசியிலோ குற்றாலத்திலோ தங்கி, சைக்கிளின் பாகங்களை மாட்டிச் சரிபார்த்து, பண்பொழி திருமலைக் கோவில் வரை ஓட்டிக் காலைப் பழக்குங்கள். சுற்று மறுநாள். முடித்த இரவே ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள், அடுத்த நாளுக்கு எடுங்கள்.