அண்டர்டேல் கேமின் கதையை எல்லோரும் புகழ்கிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு நல்லதா?

நல்லதுதான், ஆனால் குறை இல்லாமல் இல்லை. 2015-ல் வந்த இந்த கேமைப் பெரும்பாலும் டோபி ஃபாக்ஸ் என்ற ஒருவரே உருவாக்கினார்.

இதன் பலம் வசனத்தைவிட விளையாடும் முறையில்தான் இருக்கிறது. ஆரம்பத்திலேயே டோரியல் என்ற தாய் மாதிரியான பாத்திரம் கதை தொடங்கும் இடிபாடுகளிலிருந்து உங்களை வெளியே போகவிடாமல் மறிக்கும். மற்ற கேம்களின் பழக்கத்தில், கொஞ்சம் அடித்துப் பலவீனமாக்கிவிட்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்து அடித்தால், எதிர்பாராத ஒரு அடியில் செத்தே போய்விடுவாள். சரி, முன்பு சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி லோட் செய்து, சலிக்காமல் 'விட்டுவிடு' என்பதையே திரும்பத் திரும்ப அழுத்திக் காப்பாற்றினாலும், அப்புறம் ஃப்ளவி என்கிற பூ வந்து "நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும்" என்கிற தொனியில் குத்திக்காட்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லோட் செய்வதையே கதைக்குள் இழுத்துவிட்டார்கள்!

பலவீனம் என்றால், நடுப்பகுதி இழுவை. ஹாட்லேண்ட் என்ற பகுதியில் ஆல்ஃபிஸ் என்ற விஞ்ஞானி நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்து கதையின் வேகத்தைக் கெடுப்பாள், சில ஜோக்குகள் அளவுக்கு மீறி நீளும். நீங்கள் ஆடும் விதத்தைப் பொறுத்து முடிவு மாறும்; ஆனால் யாரையும் கொல்லாமலே ஆடினாலும் உண்மையான முடிவுக்கு முன் நடுநிலை முடிவு ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய கதையில் முக்கியமான பங்கு ஆல்ஃபிஸின் ஆய்வகச் சுவரில் படிக்கும் குறிப்புகளாக வருகிறது, அதை நடத்திக் காட்டியிருக்கலாம். எல்லோரையும் கொல்லும் பாதை வேண்டுமென்றே அலுப்பூட்டும், அது கதைக்குப் பொருந்துகிறது, ஆனாலும் அலுப்பு அலுப்புதானே.