வீட்டில் தைத்த பாராசூட்டை நம்பிக் குதிக்கலாமா? கேள்வி பதில்

(பதிலளிப்பவர், ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்து ஓய்வு பெற்று, நாகர்கோவில் அருகே வசிப்பவர்.)

தக்கலையிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் பத்து வயது மகன் பழைய சேலையின் நான்கு முனைகளிலும் கயிறு கட்டி வைத்திருக்கிறான். மொட்டைமாடியிலிருந்து குதிக்கப் போகிறானாம்.

அம்மா, அந்தச் சேலையை இன்றே எடுத்து ஒளித்து வையுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்குவதற்கே ஏறக்குறைய 60 சதுர மீட்டர் துணி வேண்டும். 30 கிலோ சிறுவனுக்கும் 25 சதுர மீட்டராவது வேண்டும். சேலையோ முழுதாக விரிந்தாலும் 6 சதுர மீட்டர்தான். 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒரு நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் தரையைத் தொட்டுவிடுவார் என்பதால், துணி விரியுமுன் தரை வந்துவிடும். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும். அதே அதிர்ச்சி மேலேறி முதுகெலும்பையும் உடைக்கும்.

குளச்சல்: பெரிய குடை போதுமா?

போதாது.

மார்த்தாண்டம்: பன்னிரண்டு சதுர மீட்டர் தார்ப்பாய் இருக்கிறது, ஐயா.

அது முழுதாக விரிந்தாலும், 70 கிலோ ஆள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். மேலும், உச்சியில் காற்று வெளியேறத் துளை இல்லாவிட்டால் பாராசூட் ஊஞ்சல்போல் ஆடும். 1797-இல் பாரிஸில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிய கார்னெரின் அப்படித்தான் கடுமையாக ஆடியபடி தரைக்கு வந்தார்.

ஆரல்வாய்மொழி: எங்கள் கணவாய்க் காற்று காற்றாலை இறக்கைகளையே சுழற்றுகிறது. என்னைத் தாங்காதா?

தம்பி, அந்தக் காற்று பக்கவாட்டில் வீசுகிறது; உன் எடையோ கீழ்நோக்கி இழுக்கிறது. நொடிக்கு 10 மீட்டர் காற்றில் நல்ல பாராசூட்டோடு இறங்கினாலும், பக்கவாட்டு வேகமும் சேர்ந்து உன்னைத் தரையில் அடிக்கும். விழுந்த பிறகும் காற்று பாராசூட்டை நிரப்பி உன்னைக் கல்லிலும் முள்ளிலும் இழுத்துச் செல்லும். பயிற்சி பெற்றவர்களே பலத்த காற்றில் குதிப்பதில்லை.

தோவாளை: பட்டம் மட்டும் எப்படிப் பறக்கிறது, ஐயா?

நல்ல கேள்வி. பட்டத்தைக் காற்றுக்கு எதிராக நூல் பிடித்து நிறுத்துவதால்தான் அது மேலே நிற்கிறது. நூல் அறுந்த பட்டம் அலைக்கழிந்து விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாடியிலிருந்து குதிப்பவர் நூல் அறுந்த பட்டம்தான்.

ஆரல்வாய்மொழி, மீண்டும்: அப்படியானால் கயிற்றைத் தரையில் கட்டிவிடலாமே?

கூடவே கூடாது. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. அது ஓயும் நொடியில் துணி சுருங்கி, நீ இருந்த உயரத்திலிருந்து அப்படியே விழுவாய்.

திருவட்டாறு: மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். அங்கே துணி விரிய நேரம் கிடைக்குமே?

கிடைக்காது. அங்கிருந்து விழுபவர் மூன்று நொடிக்குள், மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையை அடைவார். பிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையற்காரர் தாம் தைத்த பாராசூட் உடையுடன் 1912 பிப்ரவரி 4 அன்று ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, அதாவது 57 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். தையலில் தேர்ந்தவர்தான், ஆனாலும் துணி விரியவில்லை, உயிர் போயிற்று. அந்த எண்ணத்தோடு பாலத்தில் ஏறாதீர்கள்.

இரணியல்: போர்வை என்றால்?

சேலைக்குச் சொன்னதேதான். மேலே தக்கலை அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கருங்கல்: யாராவது ஏற்கெனவே குதித்து விழுந்துவிட்டால்?

எழுப்பி உட்கார வைக்காதீர்கள். தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு அசைவே காலை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம். கழுத்தும் தலையும் அசையாமல் இருபுறமும் கையால் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கவனித்தபடி, 108-ஐ அழையுங்கள்.