அண்ணா, கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள்

அண்ணா, வணக்கம். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பொண்ணு பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், ஓவியம்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம், தனியார் கல்லூரி ஒன்றில் சொன்ன கட்டணத்தைக் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை, தையல் கடையில் வருகிற காசு எந்த மூலைக்கு என்று கேட்கிறீர்கள், அப்புறம் கடைசி வரியில் "எப்படியும் ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் வேலை கிடைச்சிடும்ல?" என்று ஒரு கேள்வி. எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். படிப்புச் செலவை நினைத்து நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம், அதில் பெரும்பங்கை அரசு சுமக்கிறது. வேலை விஷயத்தில்தான் அரசை நம்பி உட்கார முடியாது.

முதலில் கல்லூரி. சென்னையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி, 1852-ல் அரசு ஏற்றுக்கொண்டது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்த ராய் சௌத்ரி இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பத்திரிகைகளில் நாம் பார்த்து வளர்ந்த கோட்டோவியங்களை வரைந்த ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் இங்கே படித்தவர்கள். கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு, மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி 1957-லிருந்து நடக்கிறது. நான்கு வருடப் பட்டப்படிப்பு, கட்டணத்தைத் தனியார் கேட்கிற தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

ஒரு குழப்பத்தை மட்டும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். "ஆர்ட்ஸ் காலேஜ்" என்று நாம் சொல்கிற அரசு கலை அறிவியல் கல்லூரி வேறு, இது வேறு. அந்தக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் இது வராது, தனி விண்ணப்பம், தனி நுழைவுத் தேர்வு. போன வருடம் ஒரு அம்மா அதில் பதிவு பண்ணிவிட்டு, ஓவியக் கல்லூரிக்கும் சேர்த்துத்தான் போட்டுவிட்டோம் என்று ஜூலை வரை காத்திருந்தார், அதற்குள் இங்கே சேர்க்கை முடிந்துபோனது. அவர் மகன் ஒரு வருடம் வீட்டில் இருந்தான். உங்கள் பொண்ணுக்கு அது நடக்கக் கூடாது.

இனி காசு. பொண்ணு ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்கிறீர்கள். அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பொறியியல், நர்சிங் படிக்கிற பொண்ணுங்களுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பட்டப்படிப்பு எதுவாக இருந்தாலும் சரி. ஆதார் இணைத்த கணக்கு அவள் பெயரிலேயே இருக்கட்டும், ஆறு முதல் பிளஸ் டூ வரை அங்கேயே படித்ததற்கான சான்றைப் பள்ளி மூடுவதற்குள் வாங்கிவிடுங்கள். படிப்பு முடிந்த பிறகு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கிற இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருடம் மாதம் 5,000 ரூபாய் தருகிற உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது. இந்தியா முழுக்கச் சேர்த்து 400 பேருக்குத்தான், அதனால் அதை உறுதியான வருமானமாகக் கணக்கில் எழுத வேண்டாம், விண்ணப்பிக்காமலும் விட வேண்டாம்.

சரி, டிராயிங் டீச்சர் வேலை. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. 2012-ல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். ஒன்பது வருடம் கழித்து, 2021-ல்தான் அது 10,000 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் தேர்வு அறிவித்தபோது உடற்கல்வி, ஓவியம், தையல், இசை நான்குக்கும் சேர்த்தே 1,325 இடம்தான். இப்போது பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள், நல்லதுதான், மனசார வரவேற்கிறேன். ஆனால் மேடை ஏறுகிற பிள்ளைக்கு வருடம் முழுக்கப் பென்சில் பிடிக்கக் கற்றுத்தர நிரந்தர ஆசிரியர் பல பள்ளிகளில் இல்லையே, ஓவிய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறாரே, அதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டாமா?

அதனால் அவள் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் யோசிக்கட்டும். ஓவியம், சிற்பத்தோடு துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பியல், சுடுமண் வடிவமைப்பு எல்லாம் சென்னையில் உண்டு. துணி வடிவமைப்பு படித்தவர்களுக்குத் திருப்பூரிலும் கரூரிலும் வேலை இருக்கிறது, காட்சித் தொடர்பியல் முடித்தவர்கள் விளம்பரம், அனிமேஷன், சினிமாவில் கலை இயக்கம் என்று போகிறார்கள். நீங்கள் நாற்பது வருடமாகத் துணியை வெட்டித் தைக்கிறவர், வீட்டிலேயே அந்த அறிவு இருக்கிறது, துணி வடிவமைப்பை அவளிடம் பேசிப் பாருங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள், பேசிப் பாருங்கள். ஆசிரியர் வேலைக்கும் ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்றால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் இரண்டையும் எழுதி வைக்கலாம், செலவு குறைவு.

சின்னவன் எந்த நேரமும் பாத்திரத்தில் தாளம் போடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு 12 வயது ஆகிவிட்டது இல்லையா, விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது, தவிலும் மிருதங்கமும் மூன்று வருடப் பயிற்சி, ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் பாதி காலண்டரைப் பார்த்து வரைந்த சாமி படங்கள், நடிகர் முகங்கள். நுழைவுத் தேர்வில் அது கைகொடுக்காது, அங்கே எதிரில் இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும். அந்தக் கல்லூரி மாணவர்கள் எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, மூட்டையில் தலைவைத்துத் தூங்குகிறவர்களை வரைவார்கள், அந்த ஆள் புரண்டு படுப்பதற்குள் கோடு விழுந்துவிட வேண்டும். உங்கள் பொண்ணும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரட்டும், பக்கத்தில் நீங்களும் இருங்கள். ஆனால் நீங்கள் அனுப்பியவற்றில் ஒரு படம், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் உங்கள் கையை வரைந்திருக்கிறாள், தையல் மெஷின் ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளுகிற கை, கட்டைவிரல் நகம் உடைந்திருப்பது வரைக்கும் இருக்கிறது. அதை நோட்டிலிருந்து கிழிக்க வேண்டாம், தேதி போட்டு அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.