செம்புக் கடைத்தெருவில் பேரம்

வணக்கம் ஐயா,
போன மாதம் துருக்கியின் காஸியான்டெப் நகரில் ஒரு நாள் இருந்தோம். காலையில் பெய்ரான் சூப், பிறகு ஸெவுக்மா மொசைக் அருங்காட்சியகம், மதியம் செம்புக் கடைத்தெரு, சாயங்காலம் பக்லாவா இனிப்பு. இருட்டறையில் ஒளிரும் ‘ஜிப்சிப் பெண்’ என்ற பழைய ரோமானிய மொசைக் முகத்தின் முன் கண்கலங்கி நின்றேன். கடைத்தெருதான் ஏமாற்றம். ஒரு செம்புக் காபிப் பாத்திரத்தைப் பாதி விலைக்கு வாங்க முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அடுத்த முறை அன்டாக்யா போகலாமா, உர்ஃபா போகலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உர்ஃபா போங்கள். கற்காலத் தூண்கள் நிற்கும் கோபெக்லி டெபே பக்கத்தில்தான். அன்டாக்யா 2023 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊர், இன்னும் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். பக்லாவா பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தை இங்கே வெட்டிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

அந்தக் காபிப் பாத்திரத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகச் சீட்டுக்குப் பாதி விலை கேட்டீர்களா? ஜிப்சிப் பெண் ஏதோ ஒரு வசதியான வீட்டின் தரையாக இருந்தவள். கல் பதித்தவர் கூலிக்குச் செய்தார். வீட்டுக்காரன் அவரிடமும் பேரம் பேசியிருப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை. அதே மொசைக்கிலிருந்து திருடுபோன 12 துண்டுகளை 1965-இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 35,000 டாலருக்கு வாங்கியது. அவை ஊர் திரும்பியது 2018-இல். செத்தவர் கைவேலைக்கு இந்த மரியாதை. மூக்குக்கு நேரே உட்கார்ந்து தட்டுகிறவருக்குப் பாதி விலை!

அவர் வேலையை ஒரு நிமிடமாவது பார்த்தீர்களா? வலது கைச் சுத்தியல் நிற்காது. இடது கை உளியை ஒரு நெல்மணி அளவு நகர்த்தும். ஒரு தட்டு பிசகினால் வரிசை முழுக்கக் கோணல்.

பேரம் அங்கே வழக்கம் என்பீர்கள். சரி, கம்பளக் கடையில் பேசுங்கள். சுத்தியலும் கையுமாக இருப்பவரிடம் வேண்டாம்.

அந்தத் தெருவில் எனக்கு மூக்கில் ஏறியது நவச்சார நெடி. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். குழியில் கரி, பக்கத்தில் துருத்தி. காய்ந்த அண்டாவில் நவச்சாரத்தைத் தூவினால் வெண்புகை குப்பென்று எழும். வெள்ளீயத்தை ஓர் இழுப்பு, பழந்துணியால் ஒரு துடைப்பு, உள்பக்கம் பளீரென்று வெளுத்துவிடும். என் அம்மா ஒவ்வொரு தடவையும் எட்டணா குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பாள், ஜெயிப்பாள். அப்புறம் ஒரு வருடம் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அண்டாவெல்லாம் பரணுக்குப் போய், அங்கிருந்து எடைக்குப் போயின. அம்மா ஜெயித்த எட்டணாக்களை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

உங்களைத் திட்ட எனக்கு ஆசையில்லை. மொசைக் முன்னால் கலங்கிய கண்தானே, கடைத்தெரு போய்ச் சேர்வதற்குள் எப்படி வற்றியது என்றுதான் கேட்கிறேன்.

வாங்கியதை எடுத்து உள்ளே பாருங்கள். ஈயப்பூச்சு இல்லாமல் செம்பு தெரிந்தால் அதில் எதையும் காய்ச்ச வேண்டாம், அலமாரியில் வையுங்கள். உர்ஃபாவிலும் செம்புக் கடைத்தெரு உண்டு. அங்கே பேரம் பேசத் தோன்றினால் என் பெயரை மட்டும் இழுக்காதீர்கள்.